அட்டைப்பெட்டிக்குள் இருந்து மொழிபெயர்த்தவள்

எனக்கு ஓரிடத்தில் சும்மா இருக்க வராது. இத்தாலியில், பலெர்மோவில் பள்ளிக்கூடம் போன காலத்தில் இது இன்னும் மோசம். மேசைக்குக் கீழே என் கால் ஆடிக்கொண்டே இருக்கும். முன்னால் இருக்கிறவள் திரும்பி முறைப்பாள், இரண்டு நிமிடம் நிறுத்துவேன், பிறகு அது தன்பாட்டில் தொடங்கிவிடும். அப்படிப்பட்ட என்னைத்தான் ஃபிரிட்ஜ் வந்த ஓர் அட்டைப்பெட்டிக்குள் இருத்தி, ஐரோப்பிய ஜனநாயகத்துக்கு மொழிபெயர்ப்பாளர் ஆக்கினார்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்குப் பதினாறு வயது. சுற்றுலாத் தொழிலுக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்தும் அரசாங்கப் பள்ளி ஒன்றில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் தமிழ்ப் பிள்ளை நான் ஒருத்திதான். சட்டப் பாடம் எடுத்த ஆசிரியைக்கு ஐம்பது வயதிருக்கும். பொறுமை குறைவு, சிகரெட் அதிகம். பாடப்புத்தகத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கென்று நாற்பது பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். ஆறாவது பக்கத்தில் அவர் புத்தகத்தை மூடிவைத்தார். இதை வாசித்தால் தனக்கே நித்திரை வருகிறது என்றும், நாங்களே ஒரு நாடாளுமன்றம் நடத்திப் பார்க்கலாம் என்றும் சொன்னார்.

மேசைகளை அரைவட்டமாக இழுத்துப் போட்டோம். பள்ளிக் காவலாளி இரைச்சல் தாங்காமல் வந்து ஏசிவிட்டுப் போனார். நீலத் துணியில் மஞ்சள் நட்சத்திரம் வெட்டி ஒட்டியபோது நாடுகள் பதினைந்து, நட்சத்திரம் ஏன் பன்னிரண்டு என்று ஒரு மணி நேரம் சண்டை நடந்தது. ஆசிரியை அதைக் கேட்டு மகிழ்ந்ததுபோல் இருந்தது. யார் எந்த நாடு என்பதற்குச் சீட்டு; பெரிய நாடுகளுக்கு இரண்டு மூன்று சீட்டு, சீட்டுக்கு ஒரு வாக்கு, மொத்தம் இருபத்தைந்து. கிறிஸ்மஸ் கேக் வந்த ஒரு தகரப் பெட்டிக்குள் நாடுகளின் பெயர்களைச் சுருட்டிப் போட்டு, மேசை மேசையாக நீட்டிக்கொண்டு வந்தார். நான் கையைத் துடைத்துவிட்டுக் காத்திருந்தேன். எனக்கு எந்த நாடென்றாலும் சரி, லக்சம்பர்க் கிடைத்தாலும் எழும்பி நின்று பேசி விளாசுவது என்று இருந்தேன்.

பெட்டி என்னைத் தாண்டிப் போனது. நீ எடுக்க வேண்டாம், உனக்குத்தான் ஆங்கிலம் நன்றாக வருமே, நீ மொழிபெயர்ப்பாளர் என்றார் ஆசிரியை. பிரித்தானியாவும் அயர்லாந்தும் ஆங்கிலத்தில் பேச வேண்டும், பிரான்சும் பெல்ஜியமும் பிரெஞ்சில், மற்றவர்கள் இத்தாலியனில். பிரெஞ்சுக்கு இன்னொருத்தி, அவளுக்கு வேறு பெட்டி. மொழிபெயர்ப்பவருக்கு வாக்கு இல்லை. நான் சரி என்று தலையாட்டினேன். உள்ளுக்குள் எரிந்தது. பதினாறு வயதில் எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான், அதிலிருந்து ஒரு நாளாவது தப்பலாம் என்று பார்த்தால் வகுப்புக்குள்ளும் அதுவே வந்து நின்றது.

அந்தக் காலத்துப் பலெர்மோத் தமிழ்க் குடும்பங்களில் இத்தாலியன் தெரிந்த பிள்ளை என்றால் நடமாடும் கந்தோர், ஓர் அலுவலகம் மாதிரி. பெரியவர்களுக்கு வேலை செய்யும் வீட்டு இத்தாலியன் தெரியும். மருந்து, கோப்பி, கழுவுகிற மெஷின், சந்தை, சாபம் எல்லாம் தெரியும். ஆனால் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற அதிகாரி ஒரு மூச்சில் சொல்லி முடிக்கிற இத்தாலியன் யாருக்கும் பிடிபடாது. அதற்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவார்கள். நான் ஆஸ்பத்திரியில் ஒரு அன்ரியின் கர்ப்பப்பையைப் பற்றிக் கதைத்திருக்கிறேன். குவெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமையகத்தில் ஊர்பேர் தெரியாத மாமாக்களின் பெர்மெஸ்ஸோவுக்காக, அதுதான் தங்குமிட அனுமதிக்காக, மணிக்கணக்கில் நின்றிருக்கிறேன். வடிவாகக் கதைக்கிற பிள்ளை என்று எனக்கு நல்ல பெயர்.

அந்த நல்ல பெயரின் இரகசியம் இதுதான்: நான் பூசி மெழுகுவேன். எங்களவர் ஒருவர் கோபத்தில் கத்தினால் அதை மரியாதையான ஒரு கேள்வியாக்கி அந்தப் பக்கம் கொடுப்பேன். அதிகாரி எரிந்து விழுந்தால் அதை அடுத்த முறை வரச் சொல்லும் தவணையாக்கி இந்தப் பக்கம் கொடுப்பேன். இரண்டு பக்கமும் சிரித்துக்கொண்டு பிரியும். யாரும் எனக்கு இப்படிச் செய் என்று சொல்லித் தரவில்லை, எங்கள் பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான் செய்தோம். பெரியவர்களை இன்னொருவன் அவமதிப்பதை எங்கள் வாயாலேயே அவர்களுக்குத் திருப்பிச் சொல்ல நாக்கு எழும்பாது.

இனி அப்பாவின் கதை. அப்பாதான் முதலில் வந்தவர். விமானத் தபால் கடிதங்களாலேயே குடும்பம் நடத்தியவர். என்னைப் பன்னிரண்டு வயதில் கூப்பிட்டார். தங்கச்சி அப்போது கைக்குழந்தை, ஆகவே அம்மாவும் அவளும் பிறகு வருவதாக இருந்தது. அந்தப் பிறகு வருவதற்குள் யாழ்ப்பாணத்தில் இருந்து சனம் முழுக்க ஓர் இரவில் வெளிக்கிட்டது. அம்மாவும் தங்கச்சியும் வன்னியில் கிளிநொச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் இருந்தார்கள், பிறகு ஓர் ஓலைக் கொட்டிலுக்கு மாறினார்கள். கடிதம் வர இரண்டு மாதம், மூன்று மாதம் எடுக்கும். அவர்களை இங்கே எடுக்க அப்பா விண்ணப்பித்திருந்தார். மாதம் ஒரு தடவை நான் பள்ளிக்குப் போகாமல் அவரோடு போய் அந்த ஜன்னலில் நிற்பேன்.

ஜூலை மாதம் அந்த ஜன்னலில் இருந்த அதிகாரி எங்கள் கோப்பைப் பிரித்துப் பார்த்தார். நாங்கள் இருந்த கால்சாப் பகுதியில் எங்களுக்கு ஓர் அறையும் சமைக்கக் குசினியும்தான். ஓர் அறைக்குள் நாலு பேரைத் திணிக்க இது என்ன மீன் டின்னா, உன் அப்பனுக்குச் சொல், இரண்டு அறை உள்ள வீட்டின் பத்திரம் இல்லாமல் இந்தக் கோப்பு நகராது, சும்மா வந்து நின்று என் நேரத்தை வீணாக்க வேண்டாம் என்றார். அப்பா என் முகத்தைப் பார்த்தார். அவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு வந்திருந்தார். அவமானமும் நிபந்தனையும் ஒரே வசனத்தில் வந்ததுதான் என் கேடு. மீன் டின்னை விழுங்கினேன், அதோடு சேர்ந்து இரண்டு அறையும் உள்ளே போய்விட்டது. பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம், அடுத்த மாதம் வரட்டாம் என்று சொன்னேன். அப்பா நன்றி சொல்லச் சொன்னார். சொன்னேன்.

அன்றிரவே சொல்லிவிடத்தான் இருந்தேன். வீட்டுக்கு வந்தால் அம்மாவின் கடிதம் கிடந்தது. தங்கச்சி எழுத்துப் பழகுகிறாள் என்று அவள் கிறுக்கியதையும் வைத்து அனுப்பியிருந்தார். அப்பா அதை மூன்று தடவை சத்தமாக வாசித்தார். நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டுச் சோறு போட்டேன். நகர ஓரத்துப் பிரான்காச்சோவில் இரண்டு அறை வீடு ஒன்று அப்போது காலியாக இருந்ததும் எனக்குத் தெரியும். ஊர்க்காரர் ஒருவர் அதை எடுக்கச் சொல்லி அப்பாவை நெருக்கிக்கொண்டிருந்தார். அங்கிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும், ஏழு மணிக்குத் தான் வேலை செய்யும் வீட்டு அம்மா, சின்யோராவுக்குக் கோப்பி கொடுக்கப் பிந்திவிடும் என்று அப்பா மறுத்துவிட்டார். உண்மை தெரிந்திருந்தால் ஒரு நிமிடம்கூட யோசித்திருக்கமாட்டார். அடுத்த மாதம் ஜன்னலில் வேறு அதிகாரி இருப்பார், அவருக்கு ஓர் அறை போதுமாக இருக்கும் என்று நான் எனக்கே கதை சொல்லிக்கொண்டேன். அதே ஆள்தான் இருந்தார். ஓகஸ்ட், செப்டம்பர், ஒக்டோபர். ஒவ்வொரு தடவையும் வீடு மாறியாயிற்றா என்று என்னைக் கேட்பார், விரைவில் என்பேன். அப்பாவிடம் திரும்பி இன்னும் முடிவாகவில்லையாம் என்பேன். ஒக்டோபரில் அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது.

“வன்னியில மழை தொடங்கிட்டுதெண்டு சொல்லு அவருக்கு. கொட்டில்ல இருக்கிற சனத்துக்கு மழையெண்டால் என்னெண்டு அவருக்குத் தெரியுமோ எண்டு கேள்.”

புதிய தகவல் ஏதும் உண்டா என்று அப்பா பணிவாகக் கேட்கிறார் என்று இத்தாலியனில் சொன்னேன்.

இந்தப் பாரத்தோடுதான் நவம்பரில் அந்த அட்டைப்பெட்டிக்குள் போய் இருந்தேன். உள்ளே கால் நீட்ட இடமில்லை. ஜன்னல் மாதிரி ஒரு சதுரம் வெட்டியிருந்தார்கள். அட்டையின் மணமும் பசையின் மணமும் சேர்ந்து மூக்கில் ஏறியது. என் கால் ஆட, பெட்டி முழுவதும் ஆடியது. நாடாளுமன்றம் சிரித்தது.

அன்றைய தீர்மானத்தை ஆசிரியை எழுதிக்கொண்டு வந்திருந்தார். பதினைந்து நாடுகளுக்கு வெளியே இருந்து வந்து வேலை செய்பவர்களின் மனைவி, கணவன், பிள்ளைகள் தாமதமின்றி அவர்களோடு சேர அனுமதிக்க வேண்டும். அவருக்கு என் வீட்டு விஷயம் எதுவும் தெரியாது. ஆதரிப்பவர் பச்சை அட்டை, எதிர்ப்பவர் சிவப்பு அட்டை காட்ட வேண்டும்.

அயர்லாந்துக்குப் பேச எழுந்தவன் பகேரியாவில் இருந்து ரயிலில் வருகிறவன். தினமும் பிந்துவான், வந்ததும் வகுப்பைச் சிரிக்க வைப்பான். ஹோட்டலில் வேலை செய்யும் மச்சானைக் கொண்டு ஆங்கிலத்தில் பேச்சு எழுதுவித்து, சிசிலிய ராகத்தில் வாசித்தான். எங்கள் நாடு சின்னது, வேலையில்லாமல் எங்கள் சனமே அமெரிக்கா, இங்கிலாந்து என்று போயிற்று, முதலில் அவர்களைத் திருப்பி எடுப்போம், வெளியில் இருந்து வருகிறவன் தனியாக வரத் துணிந்துதான் வந்தான், வேலையைச் செய்துவிட்டுப் போகட்டும், அவன் குடும்பம் எங்கள் பொறுப்பில்லை. ஆங்கிலத்தில் சொன்னது இவ்வளவுதான்.

நான் சதுரத்துக்கு வாயைக் கொண்டுபோனேன். வேண்டுமென்று செய்யவில்லை என்று சத்தியம் பண்ணுவேன், குவெஸ்தூராவில் ஓடுகிற நாக்கு அங்கேயும் ஓடியது. எங்கள் நாடு சின்னது, எங்கள் சனமும் வேலை தேடிக் கடல் கடந்தது, குடும்பத்தை விட்டுத் தனியே இருப்பது என்னவென்று எங்களுக்குத் தெரியும், ஆகவே விதிகள் தெளிவாக இருந்தால் அயர்லாந்துக்கு மறுப்பில்லை என்று அழகான இத்தாலியனில் சொல்லி முடித்தேன். கை தட்டினார்கள். அவன் பெட்டியைப் பார்த்தான், வாய் பாதி திறந்திருந்தது. அந்த வகுப்பில் அவனுக்கு அதுவரை சிரிப்புத்தான் கிடைத்திருக்கிறது, கைதட்டு கிடைத்ததில்லை. மெல்லக் குனிந்து வணங்கிவிட்டு உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு எதிராகப் பேச எழுந்த போர்த்துக்கல்காரி, பேச ஒன்றுமில்லை என்று இருந்துவிட்டாள். பச்சை பதின்மூன்று, சிவப்பு பன்னிரண்டு. தீர்மானம் வென்றது. நான் பெட்டிக்குள் இருந்து அழுகையை அடக்கிக்கொண்டு சிரித்தேன்.

ஆசிரியைக்கு ஆங்கிலம் தெரியும் என்பதை நான் எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. அவர் எழுந்து வந்து என்னை வெளியே வரச் சொன்னார். அயர்லாந்தின் தாளை வாங்கி என் கையில் தந்தார். கரும்பலகையில் ஒவ்வொரு வசனமாக, உள்ளது உள்ளபடி இத்தாலியனில் எழுதச் சொன்னார். கையும் களவுமாகப் பிடிபட்டவள் என்ன செய்வது? எழுதினேன். அவன் குடும்பம் எங்கள் பொறுப்பில்லை என்பதை எழுதும்போது சோக்கு இரண்டாக முறிந்தது.

பிறகுதான் விவாதமே நடந்தது. போர்த்துக்கல்காரி எழுந்து, போர்த்துக்கல்லை மறந்துவிட்டுத் தன் தகப்பனைப் பற்றிப் பேசினாள். அவர் ஜெர்மனியில் பதினொரு வருடம் வேலை செய்தவர், தாய் ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை. அயர்லாந்தும் தாளை விட்டுவிட்டது. என் தகப்பனும்தான் போனார், திரும்பி வந்தபோது எனக்கு அவரை அடையாளம் தெரியவில்லை, அதனால்தான் சொல்கிறேன், யாரும் போகவும் வேண்டாம், வரவும் வேண்டாம் என்று அவன் கத்தினான். அவன் முகம் சிவந்திருந்தது. அவனை நான் அதுவரை ஒரு கோமாளி என்றுதான் நினைத்திருந்தேன். நான் பூசி மெழுகியதில் அவனுடைய இந்தக் கோபமும், அவளுடைய பதிலும் இரண்டும் இல்லாமல் போயிருக்கும்.

எனக்கும் பேச வேண்டும் என்று கேட்டேன். ஆசிரியை மறுத்தார். சீட்டுப் பெட்டி உன்னைத் தாண்டியபோது கேட்டிருந்தால் நீட்டியிருப்பேன், அன்றைக்கு நீ கேட்கவில்லை, இன்றைக்குக் கேட்காமலே எடுத்துக்கொண்டாய் என்றார். மறுபடி வாக்கெடுப்பு நடந்தது. பச்சை பதினொன்று, சிவப்பு பதினான்கு. தீர்மானம் தோற்றது. அவர்மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. கண்டறியாத பார்லிமெண்ட் என்று தமிழில் திட்டிக்கொண்டே மேசைகளை இழுத்து வரிசைப்படுத்தினேன்.

நேரே வீட்டுக்குப் போக முடியவில்லை. கடற்கரைப் பக்கம் போனேன், துறைமுகம் வரை நடந்தேன், திரும்பினேன், மறுபடி போனேன். திட்டத் திட்ட ஆசிரியைமேல் இருந்த ஆத்திரம் கரைந்து பயம்தான் மிஞ்சியது. பொய்யால் வென்ற தீர்மானம் ஒரு பத்து நிமிடம்தான் நின்றது. நான் நான்கு மாதமாக நிறுத்தி வைத்திருந்தது யாரை என்று அப்போதுதான் முழுதாக உறைத்தது.

அப்பா இரண்டு வேலைக்கு நடுவில் வீட்டில் நின்று பின்னேரத்துக்கான சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு அறை விஷயத்தை வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டேன். உள்ளே போனால் சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரியும். அவர் இஸ்திரியை நிமிர்த்தி வைத்தார், சுவிட்சை நிறுத்தினார்.

“அவன் சொன்னதை ஒரு சொல்லும் விடாமச் சொல்லு.”

சொன்னேன். மீன் டின்னையும் சொன்னேன்.

“நான் மழையெண்டு சொன்னனே. அதை அவனுக்கு என்னெண்டு சொன்னனி?”

அதையும் சொன்னேன். பணிவாகக் கேட்கிறார் என்றது வரை.

“அப்ப நாலு மாசமா நான் அவனுக்கு முன்னால பல்லைக் காட்டிக்கொண்டு நிண்டிருக்கிறன்” என்றார். சத்தம் போடவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். பாதி இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு பிரான்காச்சோவுக்குப் பஸ் எடுக்கப் போய்விட்டார்.

அந்த வீட்டுக்கு வேறொரு குடும்பம் வந்து மூன்று மாதமாகியிருந்தது. இன்னொன்று தேடிப் பிடிக்க ஜனவரி ஆயிற்று. இந்த இரண்டு மாதமும் அப்பா என்னோடு சோறு, பள்ளிக்கூடம், பஸ் தவிர வேறொன்றும் கதைக்கவில்லை. எனக்கு நித்திரை வராது, படிப்பு ஓடாது, சும்மா படி ஏறி இறங்குவேன். ஒருநாள் அம்மாவின் கடிதம் வந்தது. தங்கச்சிக்கு மலேரியா வந்து பத்து நாள் நினைவில்லாமல் கிடந்தாள், இப்போது எழும்பி நடக்கிறாள் என்று எழுதியிருந்தார். கடிதத்தில் திகதி இல்லை. அப்பா அதைச் சத்தமாக வாசிக்கவில்லை, என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

ஜனவரியில் புதுவீட்டுப் பத்திரத்தோடு போனோம். அதே ஜன்னல், அதே ஆள். அப்பா பத்திரத்தைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“நான் சொல்லுறதை அப்படியே சொல்லு. நீங்கள் நாலு மாசமாக் கேட்டது எனக்குத் தெரியாது. என்ரை மகள் உங்கட கதையை எனக்கு மாத்திச் சொன்னவள், என்ரை கதையை உங்களுக்கு மாத்திச் சொன்னவள். இந்தா ரெண்டு அறை இருக்கு. வன்னியில மழை தொடங்கி, முடியவும் போகுது. என்ரை சின்னப் பிள்ளை செத்துப் பிழைச்சிருக்கு.”

என் கால் ஆடவில்லை. அதை நானே கவனித்தேன். இத்தாலியனில் அந்த வசனத்தை என் மகள் மாற்றிச் சொன்னாள் என்று தொடங்குவதா, நான் மாற்றிச் சொன்னேன் என்று தொடங்குவதா என்று ஒரு கணம் நின்றேன். மொழிபெயர்ப்பவள் அப்படியே சொல்ல வேண்டும். என் மகள் மாற்றிச் சொன்னாள் என்றே சொன்னேன், மழையையும் சொன்னேன், ஒரு சொல்லும் விடவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அதிகாரி முதல் தடவையாக என்னை விட்டு அப்பாவைப் பார்த்தார். இந்தச் சின்னவளுக்கு எத்தனை வயது என்று அவரிடமே, மெதுவாக, அவருக்குப் புரிகிற இத்தாலியனில் கேட்டார். அப்பா தானே ஆறு என்று பதில் சொல்லிப் பத்திரத்தை உள்ளே நீட்டினார்.

அந்த வருட முடிவில் அம்மாவும் தங்கச்சியும் வந்து சேர்ந்தார்கள். தங்கச்சி என் கட்டிலில்தான் படுத்தாள். எலும்பும் தோலுமாக இருந்தாள், இரவில் புரண்டுகொண்டே இருப்பாள். அவளுக்கு இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள், நாங்கள் எல்லாக் கதையும் கதைக்கிறோம். அந்தக் காய்ச்சல் எந்த மாதம் வந்தது என்று மட்டும் நான் இன்றுவரை அவளிடம் கேட்கவில்லை.